வீட்டில் விட்டுவிட்டுப் போன மலைப்படம்

பள்ளிப் பிள்ளைகளைப் பினாங்கு மலைக்கு அழைத்துப்போகும் நாட்களில் என் கைப்பையில் ஒரு படம் இருக்கும். மலையின் பாதைகள், ஓடைகள், பங்களாக்கள் எல்லாம் குறித்த படம். மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்துபோய், பின்பக்கம் பழைய புடவைத் துணியை ஒட்டி வைத்திருக்கிறேன். உடன் வரும் ஆசிரியைகளுக்கு இது பெரிய வேடிக்கை. “ரயில்தான் மேல வரைக்கும் போகுதே டீச்சர். தண்டவாளம் வழி மாறிப் போயிடுமா? எதுக்குலா இந்த மேப்பு?” என்று ஒருத்தி ஒவ்வொரு முறையும் கேட்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

சிரித்தாலும் படத்தை வீட்டில் வைத்துவிட்டு வரமாட்டேன். ஒரே ஒரு தடவை அப்படி விட்டுவிட்டுப் போனேன். நானாக விடவில்லை, விடச் சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அழுகை வரவேண்டிய இடத்தில் எரிச்சல் வருகிறதே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல்.

மலைக்கு ரயில் போடுவதற்கு முந்திய காலம் அது. மேலே போக வேண்டுமானால் நடக்க வேண்டும். துரைமாரானால் மட்டக்குதிரையில் போவார்கள், துரைசாணிகளை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். என் அக்கா மலையில்தான் குடியிருந்தாள். அத்தான் அங்கே ஒரு துரையின் பங்களாவில் தோட்டத்தையும் வேலைக்காரர்களையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பண்டிகைக்குப் பண்டிகை அக்கா கீழே இறங்கி வருவாள். நாங்கள் மேலே போனதில்லை. கல்யாணம் பேசிய சமயத்தில் அப்பா மட்டும் ஒரே ஒரு முறை போய் வந்திருந்தார்.

அத்தானின் தகப்பனார் ஊரில் படுத்த படுக்கையாகிவிட்டார். நிலத்தைப் பார்க்க ஆளில்லை, உடனே வா என்று செய்தி வந்தது. அத்தான் வேலையை விட்டுவிட்டார். குடும்பத்தோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுவதென்று முடிவாயிற்று. இனி இங்கே வருவதற்கில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கப்பல் மத்தியானத்துக்கு மேல். காலையிலேயே மூட்டை முடிச்சுகளோடு மலையிலிருந்து நேரே கப்பல் ஏறும் ஜெட்டிக்கு வந்துவிடுகிறோம், நீங்களும் அங்கே வந்துவிடுங்கள் என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தாள்.

அப்பாவுக்கு அது சம்மதமில்லை. ஊரோடு போகிற பெண்ணைப் பிறந்த வீட்டார் அவள் வாசலில் வைத்துத்தான் வழியனுப்ப வேண்டுமாம். மஞ்சள், குங்குமம், புடவை, வழிக்குக் கட்டுச்சோறு எல்லாம் அங்கே கொடுக்க வேண்டுமாம். “ஜெட்டியில, கூலி ஆளுங்க இடிச்சித் தள்ளிக்கிட்டு இருக்கிற எடத்துல வெச்சா என் மகளுக்குக் குங்குமம் குடுப்பேன்? நாம மேல போவோம். அவங்க கெளம்பறதுக்கு முன்னாடி போயிட்டா, எல்லாரும் சேர்ந்தே எறங்கி வந்துடலாம்” என்றார்.

இந்தக் கடைசி வார்த்தையில் நான் மயங்கிவிட்டேன். சேர்ந்தே இறங்கி வரலாம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அவள் இடுப்பில் உட்கார்ந்துதான் நான் பினாங்கையே பார்த்தேன். ஜெட்டியில் பத்துப் பேர் நடுவில் என்ன பேச முடியும்? மலைப்பாதையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கீழே வரும் அந்த நேரம் முழுக்க எனக்கு. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணனுக்கு நில அளவை ஆபீசில் படங்களைப் பார்த்துப் பிரதி எடுக்கும் வேலை. நாங்கள் மேலே போவது தெரிந்ததும், அடியில் இருப்பது மேலே தெரியும் மெல்லிய துணியில், மலைப்பாதை முழுவதையும் வரைந்து என்னிடம் கொடுத்தான். அவனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு நேரே ஜெட்டிக்கு வருவதாக ஏற்பாடு. “அப்பாவை நம்பாதே, இதைப் பார்த்து நட. பாதை ரெண்டாப் பிரியிற எடத்துல சிவப்பு மையில புள்ளி வெச்சிருக்கேன்” என்றான். எத்தனை அழகாக வரைந்திருந்தான். ஓடைகளுக்கு நீலம், பாதைக்குக் கறுப்பு, அக்கா வீட்டுக்கு ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்கு வாசல் கூட வைத்திருந்தான்.

விடியற்காலையில் கிளம்பினோம். அப்பா சாமி கும்பிட்டுவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் ஒரு கையில் கட்டுச்சோற்றுப் பாத்திரமும் மறு கையில் படமுமாக நின்றேன். சும்மா நின்றிருக்கலாம். படத்தை விரித்து, “அப்பா, தண்ணீர்மலைப் பக்கமா ஏறி அப்புறம் எங்க போகணும்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. “கெளம்பற நேரத்துல எங்கன்னு கேக்கறியே, உனக்கு அறிவிருக்கா?” என்றார். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். எழுந்து வந்தவர் என் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். “அதை உள்ள வெச்சிட்டு வா. வாசப்படியில நின்னு வழி தேடறதும் ஒண்ணு, எங்க போறேன்னு கேக்கறதும் ஒண்ணு. போற காரியம் உருப்படாது. நான் போன வழி எனக்குத் தெரியாதா?”

படம் சாமி அலமாரிக்குள் போயிற்று. நான் வாதாடினேன். மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன், விரிக்கவே மாட்டேன் என்று கூடச் சொன்னேன். அப்பா பிடித்த பிடியில் நின்றார்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன். அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷாவில் ஏறியபோது, எதிர்வீட்டுச் சீன அம்மாள் வழக்கம்போல் “பெர்கி மானா?” என்று கேட்டாளாம். எங்கே போகிறாய் என்று அர்த்தம். இந்த ஊரில் அது கேள்வியே இல்லை. மலாய்க்காரரும் சீனரும் தெருவில் பார்த்தால் சௌக்கியமா என்பதற்குப் பதிலாகக் கேட்பது அது. பதிலும் எதிர்பார்க்க மாட்டார்கள். நம் ஆட்களோ கிளம்புகிறவரிடம் “தூரமா?” என்பார்கள், எங்கே என்று மட்டும் கேட்க மாட்டார்கள். அம்மா வீடு திரும்பவில்லை. அவளைக் கொண்டுபோனது ஜன்னி என்று டாக்டர் சொன்னார். அப்பாவைக் கேட்டால் அந்தக் கேள்வி என்பார். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர், இங்கிலீஷ் படித்தவர், நாளெல்லாம் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு சிரித்தவர்தான். ஆனால் முக்கியமான காரியத்துக்குக் கிளம்பினால் மட்டும் எவனாவது கேட்டுவிடப் போகிறானே என்று தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார்.

தண்ணீர்மலை வரை ஒன்றும் தொல்லையில்லை. அங்கே முருகன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தோம். அந்த வாரம் முழுக்க மழை. பாதை வழுக்கியது. என் புடவைக் கரையில் சேறு அப்பிக்கொண்டது. அப்பா முன்னால் விறுவிறுவென்று போனார். நல்ல உற்சாகத்தில்தான் இருந்தார். அக்கா கதவைத் திறந்து நம்மைப் பார்த்ததும் என்ன சொல்வாள் தெரியுமா என்று ஒருமுறை திரும்பிச் சிரித்தார்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் சிவப்புப் புள்ளி வைத்த இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பாதையும் ஒரே அகலம், ஒரே சேறு. அப்பா நின்றார். காதைத் தீட்டிக்கொண்டு ஏதோ கேட்டார்.

“என்னப்பா?”

“தண்ணிச் சத்தம் வலது காதுல கேக்கணும். அன்னைக்கு வந்தப்போ வலது காதுலதான் கேட்டுது” என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாரம் முழுக்கக் கொட்டிய மழையில் மலை முழுவதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வலது காது, இடது காது, பின்மண்டை, எல்லாப் பக்கமும் தண்ணீர்ச் சத்தம்தான். இப்படி ஒரு அடையாளத்தை வைத்துக்கொண்டா இந்த மனிதர் “போன வழி தெரியாதா” என்று என் படத்தை அலமாரிக்குள் போட வைத்தார்!

அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து ஒரு சீனர் தோளில் காய்கறிக் கூடைகளோடு இறங்கி வந்தார். மலையில் தோட்டம் போட்டு, கீழே பாசாருக்குக் கொண்டுபோகிறவர். எனக்கு உயிர் வந்தது. அவர் எங்களைப் பார்த்து, பல் தெரியச் சிரித்துக் கேட்டார். என்ன கேட்பார்? வேறென்ன கேட்பார்? “பெர்கி மானா?”

அப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணை ஒரு மரத்தின் மேல் வைத்தார். அந்த மனிதர், காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் உரக்கக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்பா, “ம்” என்று ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்துக்கு நான் பிறந்ததிலிருந்து பழக்கப்பட்டவள். வாய் தானாக மூடிக்கொண்டது. சீனர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தோளை மாற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இதோ வழி சொல்ல ஒரு ஆள் வந்தான், இதோ போய்விட்டான். அவர் கூடைகள் வளைவில் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அவர்கிட்ட சொல்லியிருந்தா என்னப்பா?”

“உன் அக்கா நல்லபடியாப் போய்ச் சேரணும். வாயை மூடிக்கிட்டு வா” என்று வலது பக்கம் திரும்பினார்.

அந்தப் பாதை கொஞ்ச தூரம் ஏறியது. பிறகு இறங்கியது. பிறகு இறங்கிக்கொண்டே போயிற்று. மலை மேலே இருக்கிற வீட்டுக்கு இவ்வளவு தூரம் கீழே இறங்குவார்களா என்று கேட்டேன். “மலைன்னா ஏத்தமும் எறக்கமுமாத்தான் இருக்கும்” என்றார். கிராம்பு மரங்கள் வந்தன, பிறகு ஜாதிக்காய். அன்றைக்கு வந்தபோது ஜாதிக்காய் மரம் இருந்ததா என்று கேட்டேன். இருந்திருக்கும் என்றார். இருந்திருக்கும்! வெயில் ஏற ஏற எனக்குக் கோபமும் ஏறியது. அக்கா இந்நேரம் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டிருப்பாள். இந்நேரம் மூட்டைகளைத் தூக்க ஆட்கள் வந்திருப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் இப்படி நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் இன்னொரு வளைவையே பார்த்தேன்.

அன்றைக்குப் பார்த்து ஒரு தமிழ் ஆள் கூட எதிரே வரவில்லை. வந்திருந்தால் “தூரமா அண்ணே?” என்று கேட்டிருப்பான், அப்பாவும் உள்ளதைச் சொல்லியிருப்பார். புல்லறுக்கும் மலாய்க்காரர் ஒருவர் வந்தார். “பெர்கி மானா?” அப்பா மரத்தைப் பார்த்தார். அந்த மனிதரும் போய்விட்டார்.

கடைசியில் ஒரு டுரியான் தோப்பு. அதன் ஓரத்தில் ஒரு குடிசை, வாசலில் துணி உலர்த்திக்கொண்டு ஒரு மலாய்ப் பெண். அவளும் சிரித்துக்கொண்டே அதையே கேட்டாள். அப்பா என்னை இழுத்துக்கொண்டு நடக்கப் பார்த்தார். நான் பாத்திரத்தைத் தொப்பென்று தரையில் வைத்தேன். அக்கா பெயரில் சத்தியமாக, அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

“எங்க அக்கா வீட்டுக்கு! துரை பங்களாவுக்கு!” என்று கத்தினேன். முதலில் தமிழில் கத்திவிட்டு, அவள் விழிப்பதைப் பார்த்து மலாயில் சொன்னேன். குரல் உடைந்துபோயிருந்தது. அந்தப் பெண் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தாள். “சாலா ஜாலான்லா, அடிக்” என்றாள். வழி தப்பு, தங்கச்சி. நாங்கள் மலையைத் தாண்டி ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். வந்த வழியே திரும்பி, தோப்புக்கு மேலே ஏறினால் மலை முதுகில் ஒரு பாறை வரும், அங்கிருந்து இடது பக்கம் போனால் பங்களா என்று கையைக் காட்டினாள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள். இவ்வளவுதான். ஒரு கேள்விக்கு ஒரு பதில், வழி கிடைத்துவிட்டது.

அப்பா “கேட்டுட்டா. நீயும் சொல்லிட்டே” என்று மட்டும் முணுமுணுத்தார். ஏறினோம். கிட்டத்தட்ட ஓடினோம். அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. ஒரு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு, மறு கையால் புடவை மூட்டையை விடாமல் ஏறினார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஜெட்டியில் அக்கா சொல்லிக் கேட்டு அண்ணன் அன்று இரவு சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்குப் பொறுமை இருக்காது. அக்காவுக்கு அப்பாவைத் தெரியும். ஜெட்டிக்கு வா என்று சொல்லியனுப்பினாலும் இந்த மனிதர் மேலே வராமல் இருக்கமாட்டார் என்று, புறப்படாமல் வாசலிலேயே நின்றிருக்கிறாள். கூலிகள் முணுமுணுத்து, அத்தான் கோபித்துக்கொண்ட பிறகுதான் இறங்கியிருக்கிறாள். பாதை பிரியும் இடத்தில் மறுபடியும் மூட்டையின் மேல் உட்கார்ந்து காத்திருக்கிறாள். அதே இடம். அண்ணனின் சிவப்புப் புள்ளி. எந்தப் பாதையும் பிடிக்காமல் அப்பா அந்த இடத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தால் கூட, அக்கா எங்கள் கையில் வந்து விழுந்திருப்பாள்.

பாறை வந்தது. அதன் மேல் ஏறினால் ஊர் முழுவதும் காலடியில் கிடந்தது. ஓட்டுக்கூரைகள், கடற்கரைத் தென்னை, ஜெட்டி, அதற்கு அப்பால் கடல். கடலில் ஒரு கப்பல். கறுப்புப் புகைபோக்கியில் வெள்ளைப் பட்டை. முந்தின வாரம் அண்ணன், இந்தக் கம்பெனிக் கப்பலில்தான் போகிறார்கள் என்று படம் வரைந்து காட்டிய அதே பட்டை. ஜெட்டியை விட்டு அது நன்றாக விலகி, வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தேன். “என் படத்தை எடுக்க விட்டிருந்தா?” என்று கேட்டேன். “சொல்லுங்கப்பா, எடுக்க விட்டிருந்தா?” என்று மறுபடி கேட்டேன். இரக்கமே இல்லாமல் கேட்டேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புடவை மூட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாறையின் விளிம்புக்குப் போனார். கப்பலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் கத்தினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

“எங்கம்மா போறே?”

மலை அதைத் திருப்பிச் சொன்னது. அப்பா இன்னொரு தடவை, அதைவிடப் பெரிதாக, “எங்கம்மா போறே?” என்று கத்தினார். அறியாமல் கேட்டதல்ல அது. கேட்டால் காரியம் கெடும் என்று நம்புகிறவர், கெடட்டும் என்று கேட்டார். கப்பல் நிற்கட்டும், திரும்பட்டும் என்று கேட்டார்.

கப்பல் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வி நடுக்கடலில் அவளை என்ன செய்யும் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். “முருகா, இல்லப்பா, நான் கேக்கல. போயிட்டு வா தாயி, நல்லபடியாப் போயிட்டு வா” என்று கடலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் எழுந்துபோய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். என் கோபம் அப்போதும் போகவில்லை. கோபத்தோடுதான் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து படத்தை விரித்துப் பார்த்தேன். இடது பக்கம் போயிருக்க வேண்டும். ஒரு குழந்தைக்குக் கூடப் புரியும்படி அண்ணன் வரைந்திருந்தான்.

அக்காவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தோம் என்று நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வரும்வரை அப்பா ஒரு வேளை கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கேள்வியில் என்ன இருக்கிறது, கப்பல் ஓடுவது நிலக்கரியில் என்று அவருக்குத் தினமும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கும் சோறு இறங்கவில்லை.